வட்டமா, நீர்த்துளியா?

தபாலில் வரும் கடிதங்களில் சிலவற்றுக்கு உறையைப் பிரித்த கையோடு பதில் எழுதிவிடலாம். சிலவற்றை நாலு நாள் மேஜை மேல் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. காரைக்காலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பது இரண்டாவது ரகம். ஊர்ப் பெயரைப் போடலாம், தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியே ஆகட்டும்.

அவருக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு குழந்தைகள். இரண்டுக்கும் தாய்ப்பால் கொடுத்து வளர்த்தவர். பால் நிறுத்திய பிறகு மார்பு சுருங்கிப் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பு தைத்த ரவிக்கைகளைப் பார்த்தாலே மனசு என்னவோ போல் ஆகிறது என்கிறார். சென்னையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் போய்ப் பார்த்திருக்கிறார். டாக்டர் இரண்டு சிலிகான் பைகளை இவர் கையில் கொடுத்து, "இது வட்டம், இது நீர்த்துளி. எது வேண்டும் என்று யோசித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டாராம். பாரிஸில் இருக்கும் நாத்தனார் 2008-ல் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர். "நீர்த்துளிதான் இயற்கையாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதையே வைத்துக்கொள்" என்று டெலிபோனில் சொல்லியிருக்கிறார். மாமியாரோ, "அம்மையார் பிறந்த ஊரில் பிறந்துவிட்டு இப்படி ஓர் ஆசையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கணவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் கெட்டிக்காரர்.

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். புனிதவதியார் தம் அழகு தாங்கிய உடலை உதறிப் பேயுருவம் வேண்டினார் என்று பெரிய புராணம் சொல்வது வாஸ்தவம். ஆனால் அந்த உடலை வேண்டாம் என்று சொன்னவர் யார்? அவரேதான். கணவன் விலகிப் போன பிறகு, தன் உடலை என்ன செய்வது என்று அந்தப் பெண் ஊராரைக் கேட்கவில்லை; இறைவனிடம் நேராகக் கேட்டுக்கொண்டார். ஆகவே அம்மையாரைச் சாட்சிக்கு அழைத்தால், அவர் மாமியாருக்குத்தான் சாட்சி சொல்வார் என்பது நிச்சயமில்லை. நரைக்குச் சாயம் பூசிக்கொண்டும் பல் கட்டிக்கொண்டும் இருக்கிற நாம், மற்றொருத்தியின் ஆசையை மட்டும் அற்பம் என்று எப்படிச் சொல்வது?

2018-ம் வருஷம் பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பக அழகுச் சிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாகவே செய்வதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். கடன் வாங்கியோ, ஆபத்தான வழிகளில் இறங்கியோ பெண்கள் இதைச் செய்துகொள்வதைவிட அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒழுங்காகச் செய்வது மேல் என்றார்கள். உயிர் காக்கும் வைத்தியத்துக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. செய்துகொள்வதா வேண்டாமா என்பது அவரவர் தீர்மானம். செய்துகொள்வதென்று ஆகிவிட்டால் தெரிந்து செய்துகொள்ள வேண்டும். என் கவலையெல்லாம் அதில்தான்.

இனி வட்டத்துக்கும் நீர்த்துளிக்கும் வருவோம். வட்டப் பை என்பது ஏறக்குறைய இட்லி மாதிரி. அடியில் தட்டை, மேலே குவிவு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே உருவம். நீர்த்துளிப் பை, குழாய் முனையில் விழலாமா வேண்டாமா என்று தொங்கும் சொட்டைப் போல மேலே ஒடுங்கி, கீழே பருத்திருக்கும். இயற்கையான மார்பும் பக்கவாட்டில் அப்படித்தான் இருப்பதால், நீர்த்துளிதான் இயற்கை என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இட்லி மாதிரி என்று சொன்னேனே, அந்த வட்டப் பைக்குள் இருப்பது மாவு இல்லை, கூழ். நீங்கள் எழுந்து நின்றவுடன் அதில் ஒரு பகுதி தன் பாரத்தால் கீழே இறங்கி, வட்டமும் ஓரளவு துளியாகிவிடும். படுத்தால் மறுபடி பரவும். நீர்த்துளிப் பையில் கூழைக் கொஞ்சம் கெட்டியாகவே வைத்திருப்பார்கள். நல்ல பதத்தில் இறக்கின அல்வாவைப் போல, படுத்தாலும் எழுந்தாலும் அதன் உருவம் அதிகம் மாறாது. தொட்டால் கொஞ்சம் கெட்டியாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

நியூயார்க்கில் இதை ஒரு வேடிக்கையான முறையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 75 பெண்களுக்கு, ஆபரேஷன் மேஜையிலேயே ஒரு பக்கம் வட்டமும் மறு பக்கம் நீர்த்துளியும் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு நீர்த்துளியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் வட்டத்தையே வைத்துத் தைத்தார்கள். போட்டோக்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அழகில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2017-ல் வெளியான ஆராய்ச்சி இது. நாத்தனாரின் வாக்கில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

மறு பாதிதான் முக்கியம். அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

1962-ம் வருஷம். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி இந்தியாவுக்கு ஒப்படைத்த அதே வருஷம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் டிம்மி ஜீன் லின்ட்சே என்ற பெண் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். ஆறு குழந்தைகளின் தாய். மார்பில் குத்திக்கொண்டிருந்த பச்சையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அங்கே இருந்த ஜெரோ, குரோனின் என்ற இரண்டு டாக்டர்கள் அப்போதுதான் சிலிகான் பையைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். ரத்தம் நிரம்பிய பிளாஸ்டிக் பையைக் கையால் அமுக்கிப் பார்த்தபோது ஜெரோவுக்கு வந்த யோசனை அது. வைத்துக்கொள்கிறாயா என்று லின்ட்சேயைக் கேட்டார்கள். அவருக்கோ தம் காதுகள் விடைத்துக்கொண்டிருக்கிறதே என்ற குறைதான் பெரிது. காதையும் சரிசெய்து தருவதாகச் சொன்ன பிறகு சம்மதித்தார். உலகத்தின் முதல் சிலிகான் மார்பகம், காதைச் சரிசெய்துகொள்ள ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது!

அந்த முதல் பை வட்டம் இல்லை, நீர்த்துளி. வடிவத்தை நிர்ணயித்த மறு நிமிஷமே டாக்டர்களுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. உள்ளே போன துளி திரும்பிக்கொண்டால்? வட்டம் திரும்பினால் யாருக்கும் தெரியாது. துளி திரும்பினால் பருத்த பக்கம் அக்குளை நோக்கியோ கழுத்தை நோக்கியோ போய்விடும். சரிசெய்ய மறுபடி ஆபரேஷன்தான். அதனால் பையின் முதுகில் டெக்ரான் துணியை ஒட்டுப் போட்டு, சதை அதைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். பின்னால் அந்த ஒட்டுகள் கைவிடப்பட்டன. 1980-களின் பிற்பகுதியில் வேறு வழி வந்தது. பையின் மேல் தோலையே, அம்மி கொத்தினாற்போல, சொரசொரப்பாக்கிவிட்டார்கள். மண்ணை வேர் பிடிப்பது போல, அந்தச் சொரசொரப்பைச் சதை பிடித்துக்கொண்டது. துளி திரும்பாமல் நின்றது. அதோடு, பையைச் சுற்றி உடம்பு கட்டுகிற நார் உறை இறுகிக் கல்லாகிப் போகும் தொல்லையும் குறையும் என்று நம்பினார்கள்.

ஆக, நீர்த்துளி வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது, அநேகமாகச் சொரசொரப்பும் வேண்டும் என்று சொன்னதாகிறது. வட்டத்துக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. அது வழுவழுப்பாகவும் கிடைக்கும், சொரசொரப்பாகவும் கிடைக்கும். டாக்டர் உங்களிடம் வடிவத்தைக் கேட்டார். நீங்கள் டாக்டரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது மேல் தோலைப் பற்றி.

ஏன் என்கிறீர்களா? சொரசொரப்பான பை வைத்துக்கொண்ட பெண்கள் சிலருக்கு, பல வருஷங்கள் கழித்து, அந்தப் பையைச் சுற்றிய உறையில் ஒரு வகைப் புற்றுநோய் வருவதை டாக்டர்கள் கவனித்தார்கள். இது மார்பகப் புற்றுநோய் அல்ல. நிணநீர் அணுக்களில் தோன்றுவது. முதல் நோயாளியைப் பற்றி 1997-ல் எழுதினார்கள். சம்பந்தம் இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011-ல் சொன்னது. 2019 ஜூலை கணக்கில் உலகம் முழுவதும் 573 பெண்கள் இந்த நோய் கண்டவர்கள். 33 பேர் இறந்துவிட்டார்கள். அந்த 573-ல் 481 பேர் அலர்கான் என்ற ஒரே கம்பெனியின் பையை வைத்துக்கொண்டவர்கள். அந்த மாதமே அந்தக் கம்பெனி தன் 'பயோசெல்' ரகச் சொரசொரப்புப் பைகளை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றுக்கொண்டது. பிரான்ஸ் இன்னும் முந்திக்கொண்டது. 2019 ஏப்ரலிலேயே கரடுமுரடான மேல் தோலுள்ள பைகளை, பல கம்பெனிகளுடையதையும் சேர்த்து, அங்கே தடை செய்துவிட்டார்கள்.

லட்சக்கணக்கான பெண்கள் பை வைத்துக்கொண்டிருக்கும் உலகத்தில் 573 என்பது சிறிய எண்தான். பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும், சமமான அழகைத் தரக்கூடிய இரண்டு பொருள்கள் எதிரே இருக்கும்போது, ஒன்றில் மட்டும் இந்தச் சின்ன நிழல் விழுந்திருந்தால் உங்கள் கை எதை நோக்கிப் போகும்? என் கை வழுவழுப்பான வட்டத்தை நோக்கித்தான் போகும். மெல்லிய சொரசொரப்பு மட்டும் உள்ள துளிகள் இன்றும் சில இடங்களில் கிடைக்கின்றன. டாக்டர் அதைத்தான் வைப்பேன் என்றால், காரணத்தை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். காரணம் இல்லாமலும் இல்லை. உடம்பில் ஒட்டச் சதையே இல்லாத மெலிந்த பெண்களுக்கும், புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்டவர்களுக்கும், மேல் பாகத்தின் சரிவைச் சதை மூடிக் காட்டாது. பையே காட்ட வேண்டும். அவர்களுக்குத் துளியின் பக்கம் வாதம் வலுக்கிறது. அப்போதும் தீர்மானம் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

இப்போது நாத்தனார் விஷயம். அவர் 2008-ல் வைத்துக்கொண்டது நீர்த்துளி என்றால், அது சொரசொரப்பானதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் பையை எடுத்துவிட வேண்டியதில்லை என்றுதான் பிரான்சிலும் அமெரிக்காவிலும் அதிகாரிகள் சொல்கிறார்கள். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்கினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, விடாமல் வலித்தாலோ, "மழைக்கால வீக்கம்" என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பையையும் உறையையும் முழுசாக எடுத்துவிட்டால், ஆரம்பத்தில் கண்டுபிடித்த அநேகம் பேர் குணமாகிவிடுகிறார்கள்.

பிரான்ஸ் என்றவுடன் மற்றொரு சமாசாரமும் சொல்லித்தான் ஆக வேண்டும். காரைக்காலில் பல குடும்பங்களுக்கு அங்கே அண்ணனோ அக்காவோ இருக்கிறார்கள். அங்கேயிருந்து வருகிற சென்ட், சாக்லேட் எதையும் ஒசத்தி என்று நம்புவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தத் தேசத்தில் 1991-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பிரெஞ்சுக்காரர் உச்சரிப்பில் அதன் பெயரின் முதல் சொல் 'போலி'! 'பாலி' என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். சுருக்கமாக பி.ஐ.பி. மருத்துவத்துக்கான சிலிகானுக்குப் பதில் விலை மலிவான தொழிற்சாலைச் சிலிகானைப் பைகளில் நிரப்பி, அறுபதுக்கும் மேற்பட்ட தேசங்களுக்கு விற்றிருக்கிறார்கள். பைகள் கிழியத் தொடங்கின. 2010 மார்ச்சில் விற்பனையை நிறுத்தினார்கள். 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம், தன் நாட்டில் மட்டும் இந்தப் பையோடு இருந்த சுமார் 30,000 பெண்களை, முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சொல்லிற்று. முதலாளி ழான் கிளோத் மாஸுக்கு 2013-ல் நாலு வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. தமிழ் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை, பாவம்.

ஆகவே எந்த நாட்டுச் சரக்கு என்பதைவிட, எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த லாட் நம்பர் என்பது முக்கியம்.

இந்த வடிவச் சண்டையில் மறந்து போகிற இன்னும் சில உண்டு. பால் கொடுத்தபின் தளர்ந்து இறங்கிய மார்பைப் பை தூக்கி நிறுத்தாது, அது வட்டமானாலும் துளியானாலும் சரி. கொஞ்சம் நிரப்பினால் சரியாகிவிடுகிற தளர்ச்சியா, தோலை வெட்டித் தூக்கித் தைக்க வேண்டிய தளர்ச்சியா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். இறங்கிய மார்பில் பெரிய பையை வைத்தால், பாரம் கூடி இன்னும் இறங்கும். மூன்றாவது குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதுவரை பொறுங்கள்; ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் உருவம் மாறும். காம்பைச் சுற்றிக் கீறினால் பால் நாளங்கள் அறுபட வாய்ப்பு அதிகம், மார்பின் அடி மடிப்பில் கீறினால் குறைவு. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்தில் வடிவத்தைவிட அகலம்தான் பெரிது. உங்கள் மார்புக் கூட்டின் அகலத்துக்கு மேல் பை அகலமாக இருந்தால் அக்குளில் இடிக்கும். அந்த அகலத்துக்குள்தான், முன்னால் எவ்வளவு நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரன் காட்டுகிற மாதிரியை வைத்து ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதில்லையே, உடம்பை அளந்துதானே கொடுக்கிறோம்! வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. மெல்லிய துணிப் பை இரண்டு தைத்து, ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் கோப்பையால் அளந்த அரிசியைப் போட்டுக் கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் வேலை செய்யுங்கள். கோலம் போடுங்கள், மாடிப்படி ஏறுங்கள், மளிகைப் பை தூக்குங்கள். கண்ணாடியில் பிடித்த அளவு, சாயங்காலம் தோள்பட்டைக்கும் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். காலையில் "இன்னும் ஒரு பிடி போடலாமே" என்று தோன்றுவது, மாலையில் "இரண்டு பிடி எடுத்துவிடலாம்" என்று மாறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இது ஒரு தடவைச் செலவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பைக்கு ஆயுள் உண்டு. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரையில், எட்டிலிருந்து பத்து வருஷத்துக்குள் எடுத்துவிடவோ மாற்றவோ நேரிடுகிறது என்று அமெரிக்க நிர்வாகம் சொல்கிறது. சிலிகான் பை கிழிந்தால் வலியோ வீக்கமோ இல்லாமலே கூடக் கிழியும். அதனால் ஐந்து ஆறு வருஷத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெண்ணின் கல்யாணத்துக்குச் சீட்டுப் போடுவது போல இதற்கும் ஒரு சீட்டுப் போட்டு வையுங்கள். மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது, மேஜை அருகே நிற்பதற்கு முன்பே, "எனக்குப் பை இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். பையைப் பின்னால் ஒதுக்கி எடுக்கும் தனி முறை உண்டு. சங்கோசப்பட்டுச் சொல்லாமல் விட்டால் அங்கே மறைவது பை மட்டும் அல்ல, பைக்கு முன்னே உள்ள கட்டியும்தான்.

சென்னை காரைக்காலிலிருந்து ஓர் இரவுப் பயண தூரம். ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் நடுராத்திரியில் ஒரு பக்கம் சிவந்து சூடாக வீங்கினால் யாரைப் பார்ப்பது? இதற்குப் பதில் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் டாக்டருக்குப் பக்கத்திலேயே உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள்; அல்லது புதுச்சேரியில் பிளாஸ்டிக் சர்ஜரி படித்த ஒருவரை முன்கூட்டியே பார்த்துப் பேசி வையுங்கள். டாக்டர் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்குச் சமமான பட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அழகு நிலையத்து நாற்காலியில் உட்கார வைத்து ஊசியால் சிலிகானை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், செருப்பைக்கூடத் தேட வேண்டாம், அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு காகிதம். ஒவ்வொரு பையோடும் கம்பெனி, மாடல், மேல் தோலின் ரகம், அளவு, லாட் நம்பர் எல்லாம் அச்சிட்ட ஒட்டுச் சீட்டு வரும். ஒன்று ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் ஒட்டப்படும், மற்றொன்று உங்களுக்கு. வீட்டுக்குக் கிளம்பும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரமும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கிற அதே பெட்டியில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று கணவரிடமும் சொல்லி வையுங்கள். பாரிஸ் நாத்தனாரிடமும் அந்தச் சீட்டைத் தேடி எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.